விட்டாச்சா?

“மேஸ்திரி, குத்தாலிங்கம் எல்லார் முன்னாலயும் என்னை மட்டம் தட்டிட்டான்” என்றார் இசக்கியப்பன்.

பேராச்சி மேஸ்திரி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்தப் பக்கம் கூடுதலா இருந்துச்சு, அண்ணாச்சி?”

“என்னது?”

“கூடுதலா இருக்கிற பக்கத்தைத்தானே தட்டி மட்டத்துக்குக் கொண்டுவருவோம். அதான் கேட்டேன்.”

பக்கத்தில் மரம் இழைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இசக்கியப்பன் மனதில் குறித்துக்கொண்டார்.

அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. வேலை பார்த்த அரிசி ஆலையை முதலாளி மூடிய பிறகு, அந்த முதலாளி வீட்டுத் தெருவில் கால் வைத்ததில்லை. ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றித்தான் போவார்.

ஆலை போன பிறகுதான் பேராச்சியிடம் வேலை பழக வந்தார். அவளுக்கு அவர் மகள் வயது. தூண் நட்டு, உத்திரம் ஏற்றி, கைமரம் பூட்டி, ஓடு வேய்வதற்கு முன்னால் வீட்டுக்கு எலும்புக்கூடு கட்டுகிற வேலை.

குத்தாலிங்கமும் அப்படி வந்தவர்தான். மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்.

வந்த புதிதில் இசக்கியப்பன் ஓர் ஆணி அடித்தார். ஆணி பாதி இறங்கியது. சுத்தியல் முழுசாக இறங்கியது. மரத்தில் வட்டமாக ஒரு பள்ளம்.

“பாருங்க வே, அண்ணாச்சி மரத்துக்குத் தொப்புள் வச்சிருக்காரு” என்றார் குத்தாலிங்கம்.

அன்றிலிருந்து இசக்கியப்பன் பெயர் தொப்புளார். அன்றிலிருந்து அவர் குத்தாலிங்கத்தோடு பேசுவதில்லை.

பேராச்சி உளியைக் கீழே வைத்தாள். சுவரோரம் சுருட்டிக் கிடந்த தண்ணி டியூப்பை எடுத்து ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

“இன்னைக்கு உத்திரம் ஏத்தணும். ரெண்டு தூணுக்கும் மட்டம் பாத்துக் குறி போடுங்க.”

“இன்னொரு முனை?”

“குத்தாலிங்கம் அண்ணாச்சி பிடிப்பாரு.”

இசக்கியப்பனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மட்டம் பார்க்கத் தெரியாதவர்களைப் பேராச்சி மேலே ஏற்றமாட்டாள். மேலே ஏறத் தெரியாதவர்களை அடுத்த வீட்டு வேலைக்குக் கூப்பிடமாட்டாள். இவர் இதுவரை மரம் சுமந்தது மட்டும்தான். வீட்டிலோ, கூரைமேல் நின்று வேலை பார்ப்பதாக முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

தண்ணி டியூப்பில் வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் சிந்தாமல் இருக்க இரண்டு பேரும் முனையின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு போக வேண்டும். தூணருகே நின்றதும் ஒருவர் “விட்டாச்சா?” என்று கேட்க வேண்டும். மற்றவர் விரலை எடுத்துவிட்டு “விட்டாச்சு” என்று சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். குறி போட்டுக்கொள்ளலாம்.

குத்தாலிங்கம் எதிர்த் தூணருகே நின்றார். கேட்கவில்லை. கேட்டாலும் இங்கிருந்து பதில் வராது என்று அவருக்குத் தெரியும்.

இசக்கியப்பன் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பயல் வேண்டுமென்றே தன் முனையைத் தூக்குவான், ஊர் சிரிக்க நம்மை நனைப்பான் என்று நினைத்தார்.

தண்ணீர் நின்ற இடத்தில் குறி போட்டார்கள். குறிக்குக் குறி ஒரு பலகையை அடித்தார்கள்.

பேராச்சி மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

பழம் கிளம்பியது. குடுகுடுவென்று உருண்டு போய்க் குத்தாலிங்கம் காலடியில் விழுந்தது.

“முதல் மரியாதை நமக்குத்தான்” என்று அவர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“டியூப்பு சரியில்ல மேஸ்திரி” என்றார் இசக்கியப்பன்.

“வாயைத் திறந்தீங்களா?”

“அவன்கிட்டயா? செத்தாலும் திறக்கமாட்டேன்.”

“நான் டியூப்பு வாயைக் கேட்டேன்.”

இசக்கியப்பன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். டியூப்பின் வாய் அதில் வட்டமாகப் பதிந்திருந்தது. தொப்புள் மாதிரி.

“இன்னொரு தடவை” என்றாள் பேராச்சி. “இதோட சரி. இதுவும் உருண்டா, மரத்தைச் சுமக்க நீங்க, ஏற வேற ஆளு.”

மறுபடியும் தூணருகே போய் நின்றார்கள்.

“விட்டாச்சா?”

குத்தாலிங்கத்தின் குரல் பஸ் ஸ்டாண்டு குரல். அடுத்த தெருவில் நாய் குரைத்தது.

இசக்கியப்பன் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தொப்புளாரே, விட்டாச்சா?”

விரல் இன்னும் இறுகியது. சுவரில் சாய்ந்து நின்ற ஏணியைப் பார்த்தார்.

“ஓய்! கை வலிக்கு வே. விட்டாச்சா இல்லையா?”

எடுத்தார்.

தண்ணீர் துள்ளி வந்து அவர் நெஞ்சில் அடித்தது. சட்டை நனைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் என்று அவர் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறியது, இறங்கியது, கொஞ்சம் ஆடியது, நின்றது.

“விட்டாச்சு வே” என்றார்.

குறி போட்டார்கள். பலகையைக் கழற்றி அடித்தார்கள்.

பேராச்சி பழத்தை வைத்தாள்.

பழம் அசையவில்லை. ஓர் ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்தது. அப்போதும் அசையவில்லை.

“ஏணியைப் போடுங்க” என்றாள் பேராச்சி.

உத்திரம் ஏறியது. இடுப்பில் சுத்தியலைச் செருகிக்கொண்டு பின்னாலேயே இசக்கியப்பனும் ஏறினார். பாதி ஏணியில் நின்றார். யார் ஏணியைப் பிடித்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தார்.

குத்தாலிங்கம் பல்லெல்லாம் தெரிய அண்ணாந்து நின்றார்.

“என்ன தொப்புளாரே, விட்டுரட்டா?”

இசக்கியப்பன் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

“ஐயோ, விட்டுராதேயும் வே!”