கல்லைத் தட்டியது யார்?

நடுக் குளத்தில் ஆமை நின்றுவிட்டது. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த முயல் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, ஏன் நின்னுட்டீங்க?"

"மூச்சு வாங்குது. கொஞ்சம் பொறு" என்றது ஆமை.

அந்தக் 'கொஞ்சம்' உச்சி வெயில்வரை நீண்டது. முயல் கரைக்கு வந்து சேர்ந்தபோது அதன் குட்டிகள் பசியில் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டிருந்தன.

அது காட்டுக்குள் இருக்கும் குளம். நடுவே ஒரு மண் திட்டு. தாமரைக் கொடி காலைச் சுற்றிக்கொள்ளும் என்று நரியும் காட்டுப்பன்றியும் அந்தத் தண்ணீரில் இறங்குவதில்லை. அதனால் கரையில் வாழும் விலங்குகள் எல்லாம் கோடைக்கான உணவைத் திட்டில்தான் சேர்த்துவைத்தன. ஆளுக்கு ஒரு வளை உண்டு. எல்லோருக்குமாக இருந்தது ஒரே ஓர் ஆமை, வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரியது.

கரையோரக் கல்லை மூன்று முறை தட்டினால் ஆமை வந்தாக வேண்டும். ஏறுவது யார், எதற்குப் போகிறார் என்று கேட்கக் கூடாது. ஒருவர் போய்வருவதை மற்றவர் உட்கார்ந்து பார்க்கவும் கூடாது. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் பங்கு போட்டுக்கொண்ட இடம் அது. அப்படி ஒரு வழக்கம் இல்லாவிட்டால் தினமும் அடிதடிதான் நடந்திருக்கும்.

ஆமை நாளுக்கு நாள் மெலிந்தது. கல்லைத் தட்டிவிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆமை விழுந்தால் திட்டில் உள்ள உணவு திட்டிலேயே கிடக்கும், கரையில் எல்லோரும் பட்டினி கிடந்து சாவார்கள். எல்லோருக்கும் இது புரிந்தது. குளத்துக்குத் தலைவராக இருந்த கீரி கூட்டம் போட்டது.

"ஆமையாரே, உங்க முதுகுல ஏறுறதுல ரொம்பக் கனம் யாரு?"

"முள்ளம்பன்றிதான்" என்றது ஆமை. கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில். வேறெதையும் யாரும் கேட்கவில்லை.

எல்லாத் தலைகளும் முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பின.

"நான் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் போறேன், தலைவரே" என்றது முள்ளம்பன்றி. "விடியக்காலையில நாலு கிழங்கு எடுத்துட்டு வர்றேன். வீட்டுல சம்சாரமும் ரெண்டு குட்டியும் இருக்காங்க. அந்தக் கிழங்கை விட்டா எங்களுக்கு வேற எதுவும் இல்லை."

"எத்தனை தடவைன்னு நான் கேக்கல. கனமா இல்லையா?"

"கனம்தான்."

"அப்ப பேச்சு முடிஞ்சுது. இனிமே நீ கல்லைத் தட்டக் கூடாது. சம்மதம்னா எல்லாரும் கையைத் தூக்குங்க."

அணில் கையைத் தூக்கியது. குட்டி உடும்பு தூக்கியது. முயலும் தூக்கியது. முள்ளம்பன்றியும் முயலும் ஒரே புதரில் அக்கம்பக்கம். போன மழைக்கு முயல் வளை இடிந்தபோது மண்ணைத் தள்ளிக் குட்டிகளை வெளியே எடுத்தது அந்த முள்ளம்பன்றிதான். ஆனாலும் முயல் கையைத் தூக்கியது. கூட்டத்தில் தூக்காமல் இருக்கும் தைரியம் அதற்கு இல்லை.

நாலு நாள் போயிற்று. ஆமைக்கு மூச்சு வாங்குவது குறையவில்லை.

"உடனே தெரியாது. கொஞ்ச நாள் ஆகும்" என்றது கீரி.

ஐந்தாம் நாள் முள்ளம்பன்றி காட்டு விளிம்பில் இருந்த மரவள்ளிக் கொல்லைக்குக் கிழங்கு தேடிப் போனது. அங்கே வேலியோரம் மனிதர்கள் கம்பிச் சுருக்கு வைத்திருந்தார்கள். அது திரும்பி வரவில்லை. வேலியில் பார்த்ததை அணில்தான் வந்து சொன்னது. பக்கத்து வளையில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பதுதான் முயலை அதிகம் பயமுறுத்தியது.

கீரி மறுபடியும் கூட்டம் போட்டது. ஆமை இப்போது தலையைத் தொங்கப்போட்டபடிதான் நீந்தியது.

"அடுத்த கனம் யாரு?"

"முயல்" என்றது ஆமை.

தன் கழுத்துக்குக் கத்தி வந்த பிறகுதான் முயலுக்கு மூளை வேலை செய்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

"தலைவரே, முள்ளம்பன்றி போய் இத்தனை நாளாச்சு. கனம் குறைஞ்சும் ஆமையண்ணன் தேறலையே. அப்ப காரணம் கனம் இல்லைதானே? எனக்கு ஒரே ஒரு நாள் கொடுங்க. கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

"அது வழக்கம் இல்லையே!"

"ஒருத்தரைச் சாக விடறது மட்டும் வழக்கமா?"

"சரி, ஒரே ஒரு நாள்" என்றது கீரி.

சூரியன் எழுந்தபோது முயல் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. யார் ஏறினாலும் அவர் பெயருக்கு ஒரு நாவல் கொட்டையை எடுத்துவைத்தது. சூரியன் இறங்கியபோது அணிலின் குவியலில் மூன்று கொட்டை இருந்தது. உடும்புக்கு இரண்டு, கீரிக்கு ஒன்று.

சுண்டெலிகளுக்கு இருபத்திரண்டு.

ஒரு சுண்டெலி போய் இறங்கும். திரும்பி வரும். அது கரையில் கால் வைத்ததும் அடுத்தது கல்லைத் தட்டும். ஏறுவது இலை எடைகூட இல்லாத எலி. ஆனால் அதற்காகவும் ஆமை முழுக் குளத்தையும் நீந்த வேண்டும், திரும்பவும் நீந்த வேண்டும்.

திட்டில் இருந்து திரும்பிய ஒரு சுண்டெலியை முயல் மறித்தது.

"திட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. அங்க தலைவரோட வளையில முட்டை இருக்கு. பாம்பு வந்துச்சான்னு பாத்துட்டு, கரையில அவர் வீட்டு வாசல்ல வந்து சொல்லணும். ஒருத்தர் வந்ததும் அடுத்தவர் போகணும். அப்படிச் செஞ்சா எங்களைத் தின்ன மாட்டேன்னு சொல்லியிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

"முதல் மழை பெய்ஞ்சப்போ."

முயல் அதன் பின்னாலேயே போனது. சுண்டெலி கரையில் ஒரு வளையின் வாசலில் நின்று கும்பிட்டு, "பாம்பு இல்லீங்க" என்றது. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. தண்ணீர் புகுந்த அந்த வளையை விட்டுக் கீரி மேட்டுக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

முயல் எல்லோரையும் அங்கேயே வரவழைத்தது. சுண்டெலி மறுபடி ஒருமுறை சொல்லிக் காட்டியது. கீரி முதலில் சிரித்தது.

"அட முட்டாளே, அந்தப் பாம்பை மூணாம் நாளே நான் கொன்னுட்டேனே. முட்டையும் அப்பவே தின்னாச்சு."

"நிறுத்துன்னு நீங்க சொல்லலீங்களே" என்றது சுண்டெலி. "நாங்களா நிறுத்தினா எங்களைத் தின்னுடுவீங்கன்னு பயந்தோம்."

அதன் பிறகு கீரி சிரிக்கவில்லை. கூட்டத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

சுண்டெலிகளின் பயணம் அன்றோடு நின்றது. ஆமை இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் தலையை நிமிர்த்தி நீந்தத் தொடங்கியது.

அன்று காலை முள்ளம்பன்றியின் மனைவி இரண்டு குட்டிகளோடு கரைக்கு வந்தது. குட்டிகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிந்திருந்தன. அது கல்லை மூன்று முறை தட்டியது. சத்தம் அடங்கும் முன்பே ஆமை வந்து நின்றது.

கீரி முன்னால் வந்தது. "அம்மா, தடையை எடுத்துட்டோம். உங்க கிழங்கெல்லாம் பத்திரமா இருக்கு."

"ஒரே தடவைதான் போறேன்னு எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொன்னாரே" என்றது அது. "அன்னைக்கு அதை யாராவது எண்ணிப் பாத்தீங்களா?"

கீரி பின்னால் நகர்ந்தது. முள்ளம்பன்றியின் மனைவி முயலின் பக்கம் திரும்பியது. முயல் தலையைக் குனிந்துகொண்டது. காலடியில் அதன் கொட்டைக் குவியல்கள் அப்படியே கிடந்தன. அன்றே எண்ணியிருந்தால் முள்ளம்பன்றியின் பெயருக்கு அங்கே ஒரே ஒரு கொட்டைதான் இருந்திருக்கும்.

ஆமை முதுகைத் தாழ்த்தியது. முள்ளம்பன்றியின் மனைவி முதலில் குட்டிகளை ஏற்றிவிட்டு, பிறகு தான் ஏறிக்கொண்டது.

எண்ணிப் பார்க்காமல் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிபவர்மேல் பழியைப் போட்டால் கேடும் தீராது, போன உயிரும் திரும்பாது. ஆகவே காரணம் தேடுபவர் முதலில் தாம் இட்டு மறந்த கட்டளையிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.