காற்று போகும் பக்கம்

ஞானியாக வேண்டுமென்றால் மலையேற வேண்டும், தாடி வளர்க்க வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கடலோர ஊர் ஒன்றில், கந்தக அமிலம் தயாரிக்கும் ஆலையில், ஜெசிந்தா என்றொரு பெண் உற்பத்தி மேலாளராக இருந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் கனத்த பூட்ஸ், சட்டைப் பையில் நீல நிற இன்ஹேலர். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இழுப்பு உண்டு. அந்த நீல டப்பா இல்லாமல் அவரை ஆலையில் ஒருவரும் பார்த்ததில்லை.

அவரிடம் கேள்வி கேட்பது லேசான காரியமல்ல. சில கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். சில கேள்விகளைக் கேட்டவர் மறந்தே போயிருப்பார், அப்போது வந்து நிற்கும்.

சீடர் அவரைவிட வயதில் மூத்தவர். பெயர் திரவியம். கொதிகலன் பிரிவில் தலை நரைத்து, அமிலப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். அவர் ஜெசிந்தாவை மேடம் என்பார். ஜெசிந்தா அவரை அண்ணாச்சி என்பார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது திரவியம் கேட்டார்.

"மேடம், ஆலையத் தொடங்குற அன்னைக்கு எவ்வளவு புகை போனா பரவாயில்ல?"

"மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் ஒரு அளவு வச்சிருக்கே."

"அது தெரியும். நான் கேக்குறது நெசமாவே எவ்வளவுன்னு."

ஜெசிந்தா டீயைக் குடித்து முடித்தார்.

"தொடங்குற அன்னைக்குச் சொல்லுதேன்."

திரவியத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். கந்தகத்தை எரித்தால் வாயு வரும். அந்த வாயு, வினையூக்கி நிரப்பிய நான்கு அடுக்குகளைக் கடந்து, தன்மை மாறி, அமிலத்தோடு சேர வேண்டும். அடுக்குகளைப் பெட் என்பார்கள். பெட் நன்றாகச் சூடேறி இருந்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் வாயு மாறாமல் அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே போய், எதிரே வருகிறவர்களின் தொண்டையைப் பிடிக்கும். அதனால்தான் நின்ற ஆலையை மறுபடி ஓட்டும்போது, முதலில் டீசல் எரித்து நான்கு பெட்டையும் சூடாக்குவார்கள். பொறுமை உள்ளவர்கள் நான்காவது சூடாகும்வரை காத்திருப்பார்கள். பொறுமை இல்லாதவர்களும் உலகத்தில் உண்டு.

ஜெசிந்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆலை தொடங்கும் நாளில் அவர் கட்டுப்பாட்டு அறையில் இருக்க மாட்டார். எல்லாம் சரிபார்த்து முடித்து, வெளியே வந்து, கோபுரத்தின் மேல் காற்றின் திசை காட்டிப் பறக்கும் துணிப்பையை அண்ணாந்து பார்ப்பார். அது எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மேடம் காற்று வாங்கப் போகிறார் என்று பையன்கள் சிரிப்பார்கள்.

வருடாந்திரப் பராமரிப்பு முடிந்தது. அன்று காலை ஜெசிந்தா, திரவியத்தின் முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு நீங்கதான் தொடங்குதீங்க."

"நானா? தனியாவா?"

"நான் இல்லாட்டியும் ஆலை ஓடணும்லா. வாரேன்."

போய்விட்டார். திரவியம் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இது நல்லபடியாக முடிந்தால் ஷிப்ட் பொறுப்பு அவருக்கு. சொதப்பினால் மறுபடி கொதிகலன்.

மூன்று பெட்டும் சொன்னபடி சூடேறின. நான்காவது மட்டும் அடம்பிடித்தது. திரையில் எண் நகர்வதாகவே தெரியவில்லை. அப்போது பார்த்துப் பொது மேலாளரின் போன் வந்தது.

"என்ன திரவியம், இன்னுமா பத்த வைக்கல?"

"நாலாவது பெட் இன்னும் சூடேறல சார்."

"மூணு ஏறிட்டுல்லா? கந்தகத்த விடும். அந்தச் சூட்டுல நாலாவது தானா ஏறும்."

"அதுவரைக்கும் புகை போகும் சார்."

"எந்தப் பக்கம் போகும்? கடல் பக்கந்தான காத்து அடிக்கு? அங்க இருந்து மீனா வந்து கம்ப்ளெயின்ட் குடுக்கப்போகுது?" அவரே சிரித்துக்கொண்டார். உடனே குரல் மாறியது. "உரப் பிரிவு ஆசிட் இல்லாம நிக்கி. மதியத்துக்குள்ள ஓடணும். உம்மால முடியாதுன்னா சொல்லும், வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

போன் வைக்கப்பட்டது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சகாயம் பக்கத்தில் வந்து குனிந்தான். நல்ல பையன்தான். யாருக்கும் ஒத்தாசை செய்வான், அதுதான் அவனிடம் உள்ள தொந்தரவு.

"அண்ணாச்சி, நீங்க ம்-னு ஒரு வார்த்த சொல்லுங்க. புகைபோக்கியில புகைய அளக்குற அனலைசர நான் காலிபிரேஷன்ல போட்டிருதேன்."

"போட்டா?"

"சரிபாக்கோம்னு கணக்கு. அதுவரைக்கும் கடைசியா காட்டுன நம்பரே நிக்கும். வாரியத்துக்கும் அதுதான் போகும். நீங்க பாட்டுக்குப் பத்த வைங்க. சூடேறுனதும் பழையபடி மாத்திருவோம். ஒரு குருவிக்குத் தெரியாது."

திரவியம் யோசித்தார். தப்பு என்று தெரியும். ஆனால் கொஞ்ச நேரத்துத் தப்பு. காற்றோ கடலைப் பார்த்து அடிக்கிறது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? வெறும் தண்ணீர். ம் என்ற எழுத்து தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. மேசையின் ஓரத்தில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில், அந்த நீல டப்பா.

"ஐயோ, மேடம் இத மறந்துட்டுப் போயிட்டாங்களே!"

திரவியம் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காவலாளி இசக்கி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ஏல இசக்கி, மேடம் எந்தப் பக்கம் போனாங்க?"

"உப்பளத்துப் பக்கம், அண்ணாச்சி. காத்து அங்கதான போகுது."

"அங்க கடல்லா இருக்கு?"

"கடலுக்கு முன்னால உப்பளம் கெடக்கே. இன்னைக்கு உப்பு வாருத நாளு. பொம்பளையாளுக நெறைய நிக்காவ."

திரவியம் உப்பளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் தினமும் அந்த வழிதான். வெயிலில் மின்னும் உப்புக் குவியல்களைப் பார்த்திருக்கிறார். குவித்தது யார் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

"இத உடனே கொண்டுபோய் மேடத்துக்கிட்ட குடு. நிக்காத, ஓடு."

இசக்கி பறந்தான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். டப்பாவை மேசையில் திரவியத்தின் முன்னால் வைத்தான்.

"என்னல, குடுக்கலியா?"

"குடுத்தேன். வேண்டான்னுட்டாங்க."

"வேண்டாமா?"

"'இது அண்ணாச்சிகிட்டயே இருக்கட்டும்'னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாங்க."

திரவியத்துக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது என்ன விளையாட்டு? உயிரோடு விளையாடுவார்களா? டப்பாவைக் கையில் எடுத்தார். புதிது. முழுசாக இருந்தது. மறந்துவிட்டுப் போனதல்ல, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனது. பிறகு போனை எடுத்தார்.

"சார், நாலாவது பெட் சூடேறாம நான் பத்த வைக்க மாட்டேன்."

"அப்ப வேற ஆளப் பாக்கட்டுமா?"

"பாருங்க சார். அவரு வந்து சேருததுக்குள்ள பெட்டும் சூடாயிரும்."

திரவியம் போனை வைத்தார். சகாயத்தைப் பார்த்தார்.

"அந்தக் கருவியத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அண்ணாச்சி."

காத்திருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. டீ வந்து, ஆறி, ஏடு படிந்தது. வேறு ஆள் யாரும் வரவில்லை. நான்காவது பெட் தன் இஷ்டத்துக்கு மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் போனால் போகிறது என்று வேண்டிய சூட்டைத் தொட்டது.

"விடுங்கப்பா," என்றார் திரவியம்.

கந்தகம் பற்றியது. அனலைசரின் எண் ஏறத் தொடங்கியது. அவர் அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே ஓடி, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். நுனியில் நூல் மாதிரி ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்சம் ஆடியது. பிறகு அதுவும் இல்லை. நீல வானம்தான் இருந்தது.

"அண்ணாச்சி!" உள்ளேயிருந்து சகாயம் கத்தினான். "அளவுக்குக் கீழயே நின்னுட்டு! இப்ப எறங்குது!"

திரவியம் பக்கத்தில் இருந்த குழாய்த் தாங்கியைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரமாக மூச்சை அடக்கி வைத்திருந்தாரோ, அவ்வளவும் வெளியே வந்தது. சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமல் சகாயத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

பொது மேலாளர் மறுபடி பேசினார். "ஓடுதா?"

"ஓடுது சார்."

"ம்," என்றார் அவர். இந்த ம் வேறு. வேலை போகவில்லை என்று திரவியத்துக்குப் புரிந்தது.

பொறுப்பைச் சகாயத்திடம் விட்டுவிட்டு, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, இசக்கியின் பைக்கில் உப்பளத்துக்குப் போனார்.

ஓலைக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி காலை நீட்டி இருந்தாள். ஜெசிந்தா தரையில் இருந்தார். கையில் யாரோ கொடுத்த பழைய சோறு, ஓரத்தில் கருவாடு.

பேச்சியம்மாள் என்ற மூத்தவள் திரவியத்தின் ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"ஆலைக்காரவியளா? நின்னு போச்சே, எப்பய்யா ஓட்டுவிய?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ஆத்தா."

"எப்பருந்து?"

"இப்பத்தான், கொஞ்ச நேரமா."

"அப்படியா!" பேச்சியம்மாள் மூக்கைச் சுருக்கி ஒரு தரம் மூச்சிழுத்துப் பார்த்தாள். "தெரியவே இல்லியே. முந்தியெல்லாம் தொடங்குற அன்னைக்கு, முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு வரப்பு வரப்பா ஓடுவோம்." சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டாள்.

திரவியத்துக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நிம்மதியாக அவர் இருந்து நெடுநாள் ஆயிற்று. ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டப்பாவை நீட்டினார்.

"எதுக்கு மேடம் இதத் திருப்பி அனுப்புனீங்க? நான் பாட்டுக்குப் புகைய விட்டிருந்தா உங்க கதி என்ன?"

ஜெசிந்தா விரலைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார்.

"இவங்க யார்கிட்டயும் இது இல்லியே, அண்ணாச்சி."