பூஞ்சணம் படிந்த இடம்

"குழல் வாய்ப்பக்கம் இன்னும் கீழ இழுக்குது, பாய்."

இதைச் சொல்ல வேதமுத்து மலையிலிருந்து இறங்கி வந்தது இது ஐந்தாவது முறை. ஏழு மாதத்தில் ஐந்து முறை.

பீர் முகமது துப்பாக்கி பழுது பார்ப்பவர். காப்பித் தோட்டத்துக் காவலாளான வேதமுத்துவுக்குப் பதினோரு வருடம் முன்னால் சுடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

வேதமுத்து துப்பாக்கியை மடக்கித் திறந்தார். இரண்டு குழலும் காலி என்று காட்டிவிட்டு மேஜைமேல் வைத்தார். முதல் நாள் பாடம் அது.

"போன தடவையும் பின்கட்டைக்குள்ள ஈயம் வச்சுக் கொடுத்தேனே, அண்ணே."

"வச்சீங்க. ஐம்பது கிராம். நாலு தடவைக்கு இருநூறு. அப்பவும் குனியுது."

"இன்னும் வச்சா, பன்றிய ஈயக் கட்டியால எறிஞ்சே விரட்டலாம்."

வேதமுத்து சிரிக்கவில்லை.

"இந்தத் துப்பாக்கிக்கு முன்பக்கம் கனம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க பாய். நான் போய் ஆக்னஸ்கிட்ட சொல்லிருவேன்."

ஆக்னஸ், சவரியானின் மனைவி. சவரியான் தோட்டத்தின் இன்னொரு காவலாள்.

தை மாதம். விடிந்தும் விடியாத நேரம். மூடுபனிக்குள்ளிருந்து பன்றி நேராகச் சவரியான்மேல் பாய்ந்தது. பதினெட்டு அடி தள்ளி வேதமுத்து நின்றார். இரண்டு குழலையும் சுட்டார். இரண்டு குண்டும் மண்ணில் இறங்கின.

ஜீப் வருவதற்குள் சவரியான் உயிர் போய்விட்டது.

அதிலிருந்து அந்த வீட்டு வழியாக வேதமுத்து நடப்பதில்லை. சுற்றுப்பாதை அரை மைல் கூடுதல்.

பீர் முகமது துப்பாக்கியை மூடி, அது மடங்கும் கீலுக்கு அடியில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார். அது பின்கட்டைப் பக்கமாகச் சரிந்தது.

"பின்னால சாயுது. நீங்க முன்னால இழுக்குதுங்கறீங்க."

"உங்க விரல்ல சாயுது. என் கையில இழுக்குது."

"தூக்குங்க பார்ப்போம்."

வேதமுத்து சுவரிலிருந்த ஆணியைப் பார்த்துத் தூக்கினார். குழல் வாய் தாழ்ந்தது.

"பார்த்தீங்களா?"

பீர் முகமது குழலைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கீலை ஒட்டிப் பிடித்திருந்தது. அதற்கு முன்னால், குழலுக்கு அடியில், நாலு விரல் அகலத்துக்கு மரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, பதினோரு வருடத் தேய்மானம். அந்த இடத்தில் இப்போது மழைக்கால வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருந்தது.

பீர் முகமது துப்பாக்கியை வாங்கினார். பின்கட்டையின் தகட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். நாலு ஈயத் துண்டுகள் மேஜையில் உருண்டன. தகட்டை மறுபடி முடுக்கினார். பூஞ்சணத்தைத் துணியால் துடைத்தார்.

"இந்த இடத்துல பிடிங்க."

வேதமுத்துவின் கை பாதி தூரம் போய் நின்றது.

"அங்க வேண்டாம், பாய்."

"ஏன்?"

கை அங்கிருந்து எப்போது பின்னால் வந்தது என்று வேதமுத்துவுக்கே தெரியவில்லை.

பீர் முகமது வேதமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கொண்டுபோய் அந்தத் தேய்ந்த மரத்தில் வைத்தார். விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

"தூக்குங்க."

துப்பாக்கி தானே எழுந்து தோளில் உட்கார்ந்தது. கண் ஆணியில் இருந்தது. குழலும் அங்கேயே இருந்தது. ஆணியிலிருந்து கதவுக்குப் பார்வையைத் திருப்பினார். குழலும் கூடவே திரும்பியது. நின்ற இடத்தில் நின்றது.

"இழுக்குதா?"

தகரக் கூரையில் மழை கொட்டியது.

"இல்ல."

"அன்னைக்குக் கை எங்க இருந்துச்சு, அண்ணே?"

வேதமுத்து தன் இடது கையையே பார்த்தார்.

"இங்கதான். இதே தேய்ஞ்ச இடத்துல."

துப்பாக்கியை மேஜைமேல் இறக்கினார். கையை மட்டும் எடுக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட இனி நான் என்னன்னு போய் சொல்லுவேன், பாய்?"

பீர் முகமது ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். நாலும் விழுந்தபின் மூடியைத் திருகினார்.

"துப்பாக்கி சரியா இருந்துச்சுன்னு சொல்லுங்க."