எழும்பாத பெட்டி

மலைமடத்துச் சுனையில் தண்ணீர் இருந்தது. சமையல்கட்டுத் தொட்டியில் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டியைத் திறந்துபோட்டுக்கொண்டு தெய்வநாயகம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

சோலார் பேட்டரி தருவது பன்னிரண்டு வோல்ட். சுனையில் கிடக்கும் மோட்டார் கேட்பது இருபத்துநான்கு. பன்னிரண்டை இருபத்துநான்காக ஏற்றிக்கொடுப்பது பெட்டியின் வேலை. பழையது இடியில் போய்விட்டது. இது அவரே புதிதாகக் கட்டியது. சுவிட்சைப் போட்டால் 'டிக்' என்றது. அடங்கியது. மறுபடியும் 'டிக்' என்றது.

கீழே ஊரில் அவர் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, உபதேசம் வாங்க மலையேறி வந்தார். மடத்தை நடத்தும் குருவம்மா அவரைவிட வயதில் இளையவர். வந்த அன்றே கேட்டதற்கு, "இருங்க ஐயா, பார்க்கலாம்" என்றார். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. பிறகு வந்த ஓர் இளைஞனுக்குக் கூட உபதேசம் கிடைத்துவிட்டது. இவருக்கு மட்டும் அந்தப் 'பார்க்கலாம்' அப்படியே நின்றது. தன்னிடம் என்ன குறை என்று அவருக்கு விளங்கவே இல்லை.

இன்று பௌர்ணமி. மலையேறி வருகிற கூட்டத்துக்கு மதியச் சோறு போட வேண்டும். தண்ணீரை ஏற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவதென்று முடிவுகட்டியிருந்தார். காலையில் குருவம்மாவிடமும் சொல்லிவிட்டார். அவர் கேட்டுக்கொண்டே கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

கட்டிய பை தெய்வநாயகத்தின் தோளிலேயே கிடந்தது.

பெட்டியைத் தனியாக வைத்துப் பார்த்தால் இருபத்துநான்கு ஒழுங்காக வந்தது. நேற்று ஓர் இரவல் பேட்டரியையும் சேர்த்து மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்; அதுவும் ஒழுங்காக ஓடியது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் டிக். வோல்ட்டை ஏற்றும் சிப்பை மாற்றினார். டிக். பெரிய ஃபியூஸ் போட்டார். அதே டிக். சிப்பையே பிடுங்கிவிட்டுப் பார்த்தபோது, வெளியே போகிற கம்பியில் மீட்டர் கிட்டத்தட்டப் பன்னிரண்டு காட்டியது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வழியாகவும் டயோடு வழியாகவும் மின்சாரம் தானாக நடந்து போய்விடுகிறது. பெட்டி எழும்பாமலே மோட்டாருக்கு ஏதோ கிடைத்துக்கொண்டிருந்தது.

"பெட்டி நல்ல பெட்டி, மோட்டாரும் நல்ல மோட்டார்" என்று அந்தப் பக்கம் வந்த குருவம்மாவிடம் சொன்னார். "அப்புறம் ஏன் கிளம்பமாட்டேங்குதுன்னுதான் புரியல."

குருவம்மா பெட்டியைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். 

அந்நேரம் வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு சடையன் கடைசிப் படியில் ஏறினான். மாதாமாதம் தார் கொண்டுவருகிறவன். தெய்வநாயகம் தலையைத் தூக்காமலே அவனைக் கூப்பிட்டு, பேட்டரியை அந்தக் கல்மேல் தூக்கிவைக்கச் சொன்னார். சடையன் ஒரு கையால் தாரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். தார் உருண்டது.

"ஐயா, நான் வந்துட்டேன். என் உசுரு இன்னும் பாதி வழியில வந்துக்கிட்டிருக்கு" என்றான்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலே வருகிறவர் யாரானாலும் முதலில் அவர் பாரத்தை வாங்கிக் கீழே வைக்க வேண்டும். பானகம் கொடுக்க வேண்டும். மூச்சு அடங்கும்வரை பேர்கூடக் கேட்கக்கூடாது. தெய்வநாயகத்துக்கு அது தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டார்.

குருவம்மா தாரை எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு செம்பு பானகம் கொண்டுவந்து கொடுத்தார். தெய்வநாயகத்தைக் கடிந்துகொள்ளவில்லை.

சடையன் குடித்தான். காற்று வாங்கினான். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, யாரும் சொல்லாமலே பேட்டரியை அள்ளித் தூக்கினான்.

"எந்தக் கல்லுல?"

தெய்வநாயகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அதுவும் எழும்பும் முன்பே மோட்டாரைச் சுமந்துகொண்டிருந்தது.

சிப்பைத் திரும்பப் பொருத்தினார். மோட்டாருக்குப் போகும் கம்பியை வெட்டி, நடுவே ஒரு சுவிட்சை மாட்டினார். அதை அணைத்துவைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் போட்டார். டிக் இல்லை. மீட்டர் பன்னிரண்டிலிருந்து ஏறி இருபத்துநான்கில் நின்றது. உடனே அவர் கை மோட்டார் சுவிட்சுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துத்தான் போட்டார்.

பெட்டி ஒரு கணம் முனகியது. விழவில்லை. குழாய் இருமி, சேற்றைத் துப்பி, பிறகு தெளிந்த தண்ணீராய்த் தொட்டியில் கொட்டியது.

குருவம்மா அந்தத் தண்ணீரில் அரிசி களையத் தொடங்கினார். தெய்வநாயகம் கிட்டே போய் நின்றார். பெட்டி புரிந்த சந்தோஷம் முகத்தில் பாதிதான் இருந்தது.

"அம்மா, நான் கிளம்பறேன். போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இத்தனை நாள் இருந்தேன். எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே தரல?"

குருவம்மா களைந்த நீரை வாழைக்கன்றுக்கு ஊற்றினார். அவர் தோளில் கிடந்த பையைப் பார்த்தார்.

"நீங்க படியேறி வந்த அன்னிக்கே பையைக் கொடுங்கன்னு கேட்டேன். பரவால்ல, தோள்லயே இருக்கட்டும்னீங்க, ஐயா."