தலைமாடும் கால்மாடும்

"மேடம், நாலாம் எண் எலி மட்டும் ஒத்து வரலை."

செல்வின் ஒரு படிவத்தை நீட்டினான். எலிக்கு நோய், ஆய்விலிருந்து நீக்கலாம் என்று எழுதியிருந்தது. ஹமீதா மேடம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கழுத்தில் ஒரு சன்னமான நரம்பு இருக்கிறது. அதை வெட்டினால் அந்தப் பக்கத்து இமை இறங்கிவிடும், கண்மணி சுருங்கிவிடும். நாள்பட விழித்திரை என்ன ஆகிறது என்பதுதான் செல்வினின் ஆராய்ச்சி. மொத்தம் எட்டு எலிகள். எட்டுக்கும் இடது பக்கம் வெட்டியதாக நோட்டில் இருந்தது.

"என்ன ஒத்து வரலை?"

"மத்த ஏழுக்கும் இடது விழித்திரை மெலிஞ்சிருக்கு. இதுக்கு வலது."

"தூக்கிட்டு வா."

கொண்டுவந்தான். உள்ளங்கையில் இருந்தபடி அது மூக்கை ஆட்டியது.

"எந்த இமை இறங்கியிருக்கு?"

"வலது."

"எலி பொய் சொல்லாதுப்பா. அதுக்கென்ன, தீசிஸா எழுதணும்? அன்னைக்கு எங்க உட்கார்ந்து வெட்டின?"

எலியை மல்லாத்திப் போட்டு அதன் தலைமாட்டில்தான் உட்காருவான். அப்போது எலிக்கு இடது அவனுக்கும் இடது.

"விளக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு மேடம். கால்மாட்டுல உட்கார்ந்துட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஒரு வாரமாச்சு."

"நோய்னு எழுதிக் கொடுத்தா இன்னைக்கே ஊசி போட்டு முடிச்சிடுவாங்க. தெரியுமா?"

"தெரியும்."

சொன்ன பிறகுதான் காது சுட்டது.

மேடம் படிவத்தை அவனிடமே தள்ளினார்.

"நோய்னு போட்டது சரிதான். ஆளு மாறியிருக்கு."

அவன் படிவத்தை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"திங்கட்கிழமை கூட்டத்துல நீயே எழுந்து சொல்லு. பக்கம் மாத்தி வெட்டினேன், மறைக்கறதுக்கு இதைக் கொல்லப் பார்த்தேன்னு."

"எல்லாரும் இருப்பாங்க மேடம்."

"இருப்பாங்க."

"சிரிப்பாங்க."

"முதல் பாதிக்கு நானும் சிரிப்பேன். ரெண்டாவது பாதிக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க."

செல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னால கண்ணைத் தூக்கி ஒருத்தர் முகத்தையும் பார்க்க முடியாது மேடம்."

மேடம் எலியை வாங்கினார். அதன் முகத்தை அவன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

"முடியாதுன்னு இது சொல்லலாம். உனக்கு யாரும் வெட்டலையே."