நெற்றிக்கு மேல் ஒரு கோடு

"ஏறு, ஏறு. இன்னும் ரெண்டு விரல்" என்று கோசலை டீச்சர் தன் இடக்கைக்கு உத்தரவிட்டார்.

விரல்கள் ஆஸ்பத்திரிப் பயிற்சி அறைச் சுவரில் பல்லி போல ஊர்ந்து நெற்றி உயரத்தைத் தாண்டின. வலக்கையால் அங்கே பென்சில் கோடு இழுத்துத் தேதி எழுதினார். நேற்றைய கோடு நான்கு விரல் கீழே இருந்தது. போன வாரக் கோடுகளோ ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கிடந்தன.

மார்பில் புற்றுநோய் அறுவை முடிந்து ஐந்து வாரம். திங்கட்கிழமை கதிர் சிகிச்சைக்கு அளவெடுப்பார்கள். கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். கை எழாவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும்.

பயிற்சி கொடுப்பவள் ரெஜினா. வயது இருபத்தாறு. டீச்சர் பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் விளையாட்டு டீச்சராக விசில் ஊதியவர். முதல் நாளே, "என் கடைசிப் பொண்ணு வயசு உனக்கு. ஆனாலும் நீதான் குரு" என்று கும்பிட்டு அவளை நெளிய வைத்திருந்தார்.

"பார்த்தியா குருவே? இதே வேகத்துல போனா திங்கட்கிழமை ஃபேனைத் தொட்டுடுவேன்."

ரெஜினா கோட்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் ஒரு தடவை செய்யறேன் டீச்சர். நீங்க பாருங்க."

சுவரைப் பார்த்து நின்று கையை ஏற்றினாள். கூடவே எக்கினாள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏய்! குதிகால்! குதிகாலைக் கீழ வை!"

டீச்சர் போட்ட அதட்டலில் ரெஜினா இறங்கினாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே, ஊசிக்காகக் காத்திருந்த நான்கு பேர் எழுந்து நின்றார்கள். மருந்துச் சீட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"எக்கி உயரம் காட்டினா எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. எத்தனை புள்ளைங்களைப் பார்த்திருக்கேன். முப்பத்தோரு வருஷமா..."

பேச்சு அங்கேயே நின்றது.

"கண்டுபிடிச்சிட்டே" என்றார் டீச்சர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வேற செய்யணுமா?"

வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"குதிகாலை வெச்சா மூக்குக்கு மேல போகமாட்டேங்குது, ரெஜினா." குரு என்று சொல்ல மறந்திருந்தார். "அக்குள்ல கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்கு. கோடு ஏறலைன்னா ராத்திரி தூக்கம் வரலை. கொஞ்சம் எக்கினாத்தான் என்ன?"

"எக்குங்க. ஆனா திங்கட்கிழமை படுத்துக்கிட்டுத்தான் கையைத் தூக்கணும். அங்க காலுக்குக் கீழ தரை இருக்காது டீச்சர்."

டீச்சர், அன்றைக்குப் புதிதாகப் போட்டு வந்த உயரக் குதிகால் செருப்பைக் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினார்.