முன்பக்கம் மட்டும் தைத்த படை

மானாமதுரையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த பூவராகனுக்குச் சரித்திரப் படத்துக்கு உடை தைக்கும் வாய்ப்பு எப்படி வந்தது என்றால், அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அவரே அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார். ஆனால் திரையில் தன் பெயர் வரும் என்று மனைவி கோமளத்திடம் வாயை விட்டுவிட்டார். கோமளம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனிப் பெயர் வராவிட்டால் மனுஷன் தெருவில் தலைகாட்ட முடியாது.

"துணிக்குக் காசு கம்மிண்ணே. கேமராவுக்குத் தெரியிற பக்கத்தைப் பாத்துக்கிட்டா போதும்," என்று இயக்குநர் நப்பின்னை சொல்லியிருந்தார்.

பூவராகனும் உதவியாளர்கள் சேவுகனும் ஆரோக்கியமும் இதைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள்.

"கேமரா எந்தப் பக்கம் பாக்கும் மாஸ்டர்?" என்றான் சேவுகன்.

"மூஞ்சி இருக்கிற பக்கம்தான்டா. முதுகைப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்?"

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. இரண்டு படைக்கும் கவசம், கச்சை எல்லாம் முன்பக்கம் மட்டும் தைத்தார்கள். பின்னால் நாலு நாடா, அவரவர் சொந்த அரை டிராயர். யாரும் திரும்பக் கூடாது என்று வீரர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு.

போர்க்காட்சி அமர்க்களமாகத்தான் போனது. "தோத்த படை ஓடுங்க!" என்று நப்பின்னை கத்தும்வரை.

தோற்ற படை எதிரியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தது. நப்பின்னை பின்னால் போய்ப் பார்த்தார். அப்படியே பொட்டலில் உட்கார்ந்துவிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணுங்கண்ணே. இல்லன்னா டைட்டில்ல உங்க பேரு கிடையாது."

பூவராகன் உதவியாளர்களைக் கூப்பிட்டார். மறுபடி ஆலோசனை.

"உடுப்பைக் கழட்டி முதுகுப் பக்கம் மாட்டிருவோம் மாஸ்டர்," என்றான் ஆரோக்கியம்.

"நெஞ்சு பின்னாடி போயிட்டா, மீசை மட்டும் முன்னாடி தனியா நின்னு என்னடா பண்ணும்?"

"அதுவும் சரிதான்."

தோற்கிற படையின் உடுப்பை முதுகுப் பக்கம் மாட்டி, ஒட்டுமீசையையும் பிய்த்துப் பின்னந்தலையில் ஒட்டினார்கள். ஆனால் ஜெயிக்கிற படையிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

தோற்ற படை திரும்பியது. நெஞ்சு இருக்கிறது, மீசை இருக்கிறது, கண்ணும் மூக்கும் இல்லை. ஜெயிக்க வேண்டிய படை அலறியடித்துக்கொண்டு, அரை டிராயர் தெரிய, எதிர்த்திசையில் ஓடியது. கையிலிருந்த காசும் வெளிச்சமும் சேர்ந்தே தீர்ந்தன. சரித்திரப் படம் சிரிப்புப் படமாக வெளிவந்தது.

அதற்குமுன் பூவராகன் நப்பின்னையிடம் போய்க் கையைப் பிசைந்தார். "பாதி உடைதான் தச்சேன் மேடம், ஒத்துக்கிறேன். பாதிப் பேராவது போடுங்க."

நப்பின்னை சரி என்றார்; சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தெருவே திரண்டு வந்திருந்த தியேட்டரில், திரையில் பெரிதாக வந்தது: "ஆடை வடிவமைப்பு: பூவ."

"மிச்சப் பேரு எங்கங்க?" என்றாள் கோமளம்.

"அது பின்பக்கம். அங்க வெறும் நாடாதான் இருக்கும்," என்றார் பூவராகன், கண் கலங்கி.

கோமளத்துக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆமாங்க," என்றாள். "நாடா போட்டுத்தான் கட்டியிருக்காங்க."